வெள்ளக்கோடு

மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம்
மீட்டர் பார்த்தவர் என் வீட்டுக்காரர் தணிகாசலம்.
குடியாத்தத்தில் அவர் கால் படாத வாசல் இல்லை.
காக்கிப் பைக்குள் இரண்டு நோட்டு.
ஒன்றில் யூனிட்.
இன்னொன்றில்
நிலைப்படியில் செதுக்கிய வருஷம்,
தூர்த்த கிணற்றுக்கு இருந்த பெயர்,
எந்தத் தறி எந்தச் சாவன்று நின்றது என்பது.

ஒருமுறை நோட்டு மாறிப்போய்
மண்டித் தெரு முதலியார் வீட்டுக்கு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு யூனிட்
என்று பில் போட்டுவிட்டார்.
மெமோ வந்தது.
அதையும் தேதி எழுதி வைத்திருக்கிறார்,
லுங்கிக் கடை அட்டைப்பெட்டியில்.

தாலி கட்டிய அன்று
என்னிடம் கேட்ட முதல் கேள்வி:
"உங்க ஊர் ஏரிக்கு எத்தனை மதகு?"
தெரியாது என்றேன்.
அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.

காட்பாடி தாண்டினால் காது அடைக்கும் மனுஷனுக்கு.
திருப்பதிக்குத் தம்பியோடு போனேன்.
மொட்டையோடு திரும்பி வந்தவளைப் பார்த்து
"சிரசு ஊர்வலத்துக்கு மூணு நாள்தான் கீது,
நல்லவேளை வந்துட்ட" என்றார்.

பழைய அரிசி மண்டிச் சுவரில்
யாரோ ஒரு கோடு கிழித்து
பக்கத்தில் ஒரு மீன் செதுக்கியிருந்தார்கள்.
ஆறு வந்து தொட்ட உயரம்.
இவர் அரை டிராயரோடு நின்ற காலத்தில்
நெஞ்சுக்கு நேரே நீந்திய மீன்
இப்போது கணுக்காலில்.
"இவ்ளோதானா வெள்ளம்?" என்று சிரித்தான் பால்காரப் பையன்.
"வெள்ளம் எறங்கலடா. தெரு ஏறிடுச்சு."
தார்மேல் ஜல்லி, ஜல்லிமேல் தார்,
தேர்தலுக்குத் தேர்தல் ஓர் அடுக்கு.

அதை நிரூபிக்க
ஒரு ஞாயிறு விடியுமுன் கடப்பாரையோடு போய்
மண்டியின் முதல் படியைத் தேடித் தோண்டினார்.
மூன்றாவது படி தெரிந்தபோது போலீஸ் வந்தது.
"இன்னா பெரியவரே, பொதையலா?"
"ஆமா" என்றார்.
அபராதம் இரண்டாயிரம், என் சீட்டுப் பணம்.
ரசீது பெட்டியில்.

அந்த மீனைத் தாண்டி
இந்த ஊருக்கு இனித் தண்ணீர் வராது என்று
நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

இடுப்பு முறிந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த கார்த்திகையில்
மோர்தானா நிரம்பி வழிந்தது.
ராத்திரி போன்.
"தண்ணி எதுவரைக்கும் கீது?"
பீரோவின் கீழ்த்தட்டு வரைக்கும் என்றேன்.
"நம்ம வூட்டுது யாரு கேட்டா?
மண்டிகிட்ட!"

போனேன்.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு,
செத்த கோழியும் செருப்புகளும் இடிக்க இடிக்க.
கால் கட்டைவிரலால் சுவரைத் தடவினேன்.
கோடு தட்டியது. பிறகு மீன். செதில் நாலு.
தண்ணீர் அதற்கு மேலே,
எவ்வளவோ மேலே.

பொய் சொல்லிவிடலாம்.
மீனுக்குக் கீழேதான் என்றால்
நிம்மதியாகத் தூங்குவார்.
போனைக் காதில் வைத்தபடி
எதிர்வீட்டு மாடியில் அழுத குழந்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"தாண்டிடுச்சிங்க" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
யாரோ இருமினார்கள், அவர் இல்லை.
அப்புறம், மெதுவாக,
"எத்தனை ஜாண்?"

பீரோ சாவியால் கீறினேன்.
சுண்ணாம்பு உதிர உதிர, செங்கல் தெரியும்வரை.

பொங்கல் கழித்து வாக்கரோடு போய்ப் பார்த்தார்.
நேராக இல்லை என்றார்.
தண்ணி நேரா நின்னுச்சு, நான்தான் நடுங்கினேன் என்றேன்.
வீட்டுக்கு வந்து
அடிக்கோடிட்ட வரியை அவரே அடித்தார்.
கீழே எழுதினார்:
'அளந்தவர் த. ரேணுகாம்பாள், பீடித் தொழிலாளி.
உயரம்: அவர் தொடை.'
"கருமம், தொடைன்னு எழுதுவாங்களா?"
"ஆதாரம்" என்றார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல்.

மாசியில் மறுபடி தார் போட்டார்கள்.
மீன் உள்ளே போய்விட்டது.
என் கோடு
தொடையிலிருந்து இறங்கத் தொடங்கியிருக்கிறது.