வரிசை எண் 44

பாரிஸிலிருந்து ரயிலில் இருபத்தாறு நிமிடமாம்.
நான் போனதில்லை.
ஆனாலும் அந்தச் சிற்றூரின் ஒவ்வொரு ஓட்டுக்கூரையும் எனக்குத் தெரியும்.
எட்டாயிரம் பேர், ஒரு தேவாலயம், மூடிக்கிடக்கும் செங்கல் சூளை,
பேரிக்காய்த் தோட்டம் இருந்த இடத்தில் கார் நிறுத்தம்.
தோட்டத்து மதில் மட்டும் தனியே நிற்கிறது,
எதைக் காக்கிறோம் என்று தெரியாமல்.
அதுவும் பாரம்பரியம்தான். வரிசை எண் 9.

பெங்களூரில், கெரெகோடிப் பாளையத்தில்,
லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
அவர்களுடைய பழசை எண்ணித் தருவது என் வேலை.
காரைக்கால் கான்வென்ட்டில் பிரம்போடு வந்த பிரெஞ்சுக்கு
இப்போது மணிக்கு இருநூற்றெண்பது ரூபாய்.

பதினேழாவது, ஒரு துவைக்கும் இடம்.
கூரை போட்ட நீளமான கல்தொட்டி.
பெண்கள் மண்டியிட்டுத் துவைத்திருக்கிறார்கள்.
முழங்காலுக்கு வைக்கோல் திணித்த மரப்பெட்டி ஒன்று
நகராட்சிக் கூடத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.
தமிழில் அந்த இடத்துக்கு ஒரு சொல் நாக்குவரை வந்தது,
கூடவே ஒரு சாதியும் வந்தது.
இரண்டையும் வாசலில் நிறுத்திவிட்டுத்
தொட்டியின் அகலத்தைத் தட்டச்சினேன்.

செவ்வாய்க்கிழமை மதாம் ஒதில் எழுதியிருந்தார்:
வரைபடத்தில் தொட்டி பதினொரு மீட்டர் தள்ளிப் போய்விட்டது.
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்
காலடி வைத்து அளந்து பார்த்தாராம்,
மழையில்.

பதினொரு மீட்டர்!
இங்கே ஓர் ஏரியையே காணோம்.
கெரெகோடி என்றால் ஏரி நிரம்பி வழியும் இடம்.
இப்போது வழிவதற்கு முனிராஜுவின் டேங்கர்தான்,
மாலை ஐந்தரைக்கு,
அதுவும் குழாய் வாய் சரியாகப் பொருந்தாததால்.

அவர் குழாயைக் கிடத்துவது ஒரு பலகைக்கல்மேல்.
இரண்டு வருடமாய் அதைத் தாண்டித்தான் போகிறேன்.
அன்றைக்கு நீர் பட்டதும்
கல்லுக்குள்ளிருந்து ஒருவன் வில்லோடு எழுந்தான்.
காலடியில் இரண்டு மாடுகள்.
தலைக்கு மேலே இரண்டு பெண்கள்
அவனைக் கைத்தாங்கலாய் வானத்துக்கு அழைத்துப்போகிறார்கள்.
கல் படுத்துக்கிடப்பதால்
வானம் இப்போது அபார்ட்மென்ட் கேட் பக்கம் இருக்கிறது.

ஓரத்தில் மூன்று வரி எழுத்து.
தமிழா கன்னடமா என்று
முனிராஜுவும் நானும் சண்டை போடவில்லை.
இருவருக்குமே படிக்க வரவில்லை.
"நனைஞ்சா தெரியும் மேடம்,
காஞ்சா வெறும் கல்லு," என்றார்.
பிறகு ஒரு வாளி கூடுதலாய் ஊற்றினார், எனக்காக,
காசு கேட்காமல்.
மாடியிலிருந்து ஒருவர் தண்ணீர் வீணாகிறதென்று கத்தினார்.
அவர் சொன்னதும் நியாயம்தான்.

இரவு அட்டவணையைத் திறந்தேன்.
அவர்களுடைய பட்டியல் 43-இல் முடிந்திருந்தது.
அதன் கீழே ஒரு வரி வெறுமையாய்.
என்ன நினைத்து அதைச் செய்தேன் என்று கேட்டால்
இன்றும் பதில் இல்லை.
44. கல். உயரம் தெரியாது, பாதி மண்ணில்.
நிலை: ஈரம்.
பயன்பாடு: முன்பு சாவுக்கு. தற்போது குழாய்க்கு.
காலம் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.
அனுப்பிவிட்டேன்.

வேலை போகும் என்று மூன்று நாள் காத்திருந்தேன்.
வெள்ளிக்கிழமை பதில் வந்தது.
பதினேழு சரியாகிவிட்டது, நன்றி.
நாற்பத்து நான்கைத் தேடித் தபால்காரர்
ஊர் முழுக்க நடந்துவிட்டு வந்தார்.
கிடைக்கவில்லை.
எந்தத் தெரு என்று தயவுசெய்து குறிப்பிடவும்.

எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது.
சர்வே எண் ஒன்று உண்டு, வழக்கில் இருக்கிறது.
மணியைப் பார்த்தேன். ஐந்து இருபது.
அடிப்பட்டையை எடுத்துக்கொண்டு
படியிறங்கினேன்.