தொட்டில் கனத்த பெயர்

ஏழாம் மாதத்தில் நீ வந்தாய்.
கதவைத் தட்டவில்லை.
என்றைக்குத் தட்டியிருக்கிறாய்?
சொட்டும் கூந்தலோடு,
கைப்பிடி உடைந்த உன் கெண்டியோடு,
அடுப்புக்கு இடப்புறம் என் இடத்தில் உட்கார்ந்து
காலணியைக் கழற்றினாய்.
"தேநீர் ஊற்று" என்றாய்.
நான் ஊற்றவில்லை.
கனவில்கூட அவ்வளவு ரோஷம் எனக்கு.

தூக்கம் ஒரு காட்டுக்கோழி என்பார்கள் எங்களில்.
இருட்டியதும் தலைமாட்டில் வந்து அமரும்.
அது மேய்ந்துவிட்டு வந்த இடங்கள்தான் கனவு.
அன்று அது உன் பக்கம் போயிருக்கிறது,
பனிக்கு அடியில், வண்டியோடு நீ அமிழ்ந்த
காசிம் ஆற்று வளைவுக்கு.

விழித்தேன்.
தொலைவில் எரிவாயுக் கிணற்றின் சுடர்
இரவை இரவாக இருக்க விடாமல் எரிந்துகொண்டிருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை,
உன் தம்பி எஃபீமிடம்கூட.

ஹெலிகாப்டர் இரண்டு நாள் தாமதம்.
ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள்:
பெண், மூன்று கிலோ நூறு, அலெவ்தினா.
அது அரசாங்கத்துக்கு.
வந்திருப்பது யார் என்று
காகிதத்தைக் கேட்க முடியுமா?

அகாஃபியா வந்தாள். லூக்கேரியா வந்தாள்,
மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே.
ஆண்களை வெளியே அனுப்பினோம்.
எஃபீம் விறகு பிளக்கிறேன் என்று போனவன்
ஒரே கட்டையை ஒரு மணி நேரமாக வெட்டிக்கொண்டிருந்தான்.

பூர்ச்சப் பட்டைத் தொட்டில்.
உள்ளே உளுத்த மரத்தின் பஞ்சுப் பொடி,
அதன்மேல் அவள். நீ.
போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித்
தொட்டிலைத் தூக்க வேண்டும்.
வந்தவளின் பெயரில் அது தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

எவ்தோக்கியா. எழும்பியது.
பெலகேயா. எழும்பியது.
என் அம்மா மாத்ரோனா.
இரண்டு முறை சொன்னேன்,
இரண்டாவது முறை கெஞ்சலாக.
வெந்த ரொட்டியைப் போல் லேசாக எழும்பியது.
எனக்குக் கண் கலங்கியதை
லூக்கேரியா பார்க்காததுபோல் பார்த்தாள்.

பிறகு பெயர்கள் தீர்ந்துபோயின.
ஒன்றைத் தவிர.
அதை அவர்கள் என் முன்னால் உச்சரிப்பதில்லை.

முதல் பிள்ளையை நான் மண்ணுக்குக் கொடுத்த அன்று
நாத்தனாரே, நீ சொன்னாய்:
"இவள் மடியில் எதுவும் தங்காது."
அதன்பின் எட்டு வருஷம் உன் வாசலை மிதிக்கவில்லை.
நீ செத்தபோது
உனக்கென்று மரப்பாவை செய்து உடை தைத்தார்கள்.
ஊசிக்கு நூல் கோக்கக்கூட நான் போகவில்லை.

அகாஃபியா எழுந்து சால்வையைத் தேடினாள்.
"இன்னொரு நாள் கேட்போம்" என்றாள்.
நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.
நீ பெயரில்லாமல் அழுதுகொண்டிருப்பாய்,
யார் என்று தெரியாத வீட்டில்,
யாருக்கும் தெரியாமல்.
அது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை
எப்போதாவது உனக்குச் சொல்வேன்.

"ஃபெவ்ரோனியா" என்றேன்.

லூக்கேரியா இழுத்தாள். வரவில்லை.
அகாஃபியாவும் ஒரு பக்கம் பிடித்தாள்.
பலகைத் தரை முனகியது,
தொட்டில் அசையவில்லை.
மூன்று கிலோ நூறு.

கதவைத் திறந்து சொன்னேன்:
"உன் அக்கா வந்திருக்கிறாள்."
கோடரியைக் கீழே வைத்தான்.
தொப்பியைக் கழற்றினான்.
எங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாதவன்போல
உள்ளே வந்து நின்றான்.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள்.
நனைந்த பொடியை அள்ளிக் கொட்டிப்
புதிதாக நிரப்புகிறேன்.
உன்னை மகளே என்பதா, நாத்தனாரே என்பதா?
உன் முஷ்டிக்குள் என் முடி, விட மாட்டேன் என்கிறாய்.
பேச்சு வரும்போது பழசெல்லாம் மறந்துவிடுமாம் உனக்கு.
நல்லது. நான் மறக்கவில்லை.

எதுவும் தங்காது என்றாயே,
அந்த மடியை நீயே சோதித்துப் பார்.
அன்று தேநீர் கேட்டாய்.
தேநீர் இல்லை. பால் சுரந்திருக்கிறது,
சட்டையெல்லாம் நனைகிறது.
குடி.