பூஜ்யம்

வியாழன் பிற்பகல் பெட்டிகளைத் திறப்பேன்.
ஆறு வார்டு, ஆறு பெட்டி, ஒரே சாவி.
தவறு நேர்ந்தால் எழுதிப் போடுங்கள் என்று
நான்கு மொழியில் ஒட்டியிருக்கிறது.
உள்ளே ஒரு சாக்லேட் தாள்.
ஒருமுறை ஐம்பது பைசா நாணயம்,
உண்டியல் என்று நினைத்திருக்கலாம்.

வழுக்கி விழுந்த நோயாளிகள்: பூஜ்யம்.
மாறிப்போன மருந்து: பூஜ்யம்.
பதினோரு மாதமாகப் பச்சைக் கோடு
தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது.
இயக்குநர் அதற்குச் சட்டம் போட்டு
வரவேற்பறையில் மாட்டச் சொன்னார்.
சோஹார் முழுக்க ஜூலையில் வியர்த்து வழுக்குகிறது,
எங்கள் நூற்றெண்பது படுக்கையில் மட்டும்
ஒரு காலும் தவறவில்லை.

படிவத்தை எடுத்து மறுபடி படித்தேன்.
ஏழாவது கட்டம்: தவறு செய்தவர் பெயர்.
எட்டாவது: ரெசிடென்ட் கார்டு எண்.
வீட்டுக்கடன், தங்கையின் காலேஜ் ஃபீஸ்,
அம்மாவின் டயாலிசிஸ்
எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகிறது.
யார் எழுதுவார்?

இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு
புதிதாக அச்சடித்தேன்.
'யார்' இருந்த இடத்தில் 'எப்படி.'
மனிதவளப் பிரிவு விளக்கம் கேட்டது.
இன்னும் பதில் போடவில்லை.

முதலில் வந்தது வங்க மொழியில் ஒரு துண்டு.
கேன்டீன் ரஃபீக்குல் படித்துச் சொன்னான்:
பதினான்காம் படுக்கையருகே
கை துடைக்கும் மருந்து மூன்று நாளாகக் காலி.
தரை துடைக்கிறவர் எழுதியது.
அடுத்த வாரம் இரண்டு.
பிறகு ஒன்பது,
அதில் ஒன்று நீல மையில், தமிழில்:

"ஆண்கள் வார்டில் மூன்று சாலிம்.
இரண்டு பேர் சாலிம் பின் சயீத்.
கூடச் சரிபார்க்க வேண்டியவள் பிரசவ அறைக்கு ஓடிவிட்டாள்.
பி பாசிட்டிவ் பையை மாட்டிவிட்டேன்.
திருகைத் தொடும்போது மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்தேன்.
பிறந்த வருடம் வேறு.
திறக்கவில்லை.
கை இன்னும் நிற்கவில்லை."

பெயர் இல்லை.
இந்த ஆஸ்பத்திரியில் தமிழ் எழுதுகிறவர்கள் இரண்டு பேர்.
ஒருத்தி நான்.

அன்று மாலை லிஃப்டில் ஸ்டெர்லின் ஜெபா.
அயக்கூறா கிலோ மூன்றரை ரியாலாமே என்றேன்.
நாலு, என்றாள்.
தரைத்தளம் வந்தது.

இப்போது கோடு சிவப்பாக ஏறுகிறது.
நாளை பத்து மணிக்கு இயக்குநர் அழைத்திருக்கிறார்,
தரம் ஏன் சரிந்தது என்று கேட்க.

எட்டாம் படுக்கைக்கு இன்னொரு சாலிம் வந்திருக்கிறார்.
வயது எழுபத்தொன்று. அவரும் பெட்டியில் போட்டிருக்கிறார்:
ஒரே காலையில் நான்கு தடவை
என் பிறந்த தேதியைக் கேட்கிறார்கள்,
இவர்களுக்கு ஞாபகமே கிடையாதா?

அதை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று தெரியாமல்
மேசையிலேயே வைத்திருக்கிறேன்.