மூன்றாம் தேதி பிறந்தவன்

வெண்டல் மே மாதம் மூன்றாம் தேதி பிறந்தவன்.
இரண்டாம் தேதி பிறந்திருந்தால்
மே மாதத்துக்கே பணம் உண்டு என்கிறது விதி.
மாதம் முழுக்க அறுபத்திரண்டாக இருக்க வேண்டுமாம்.
ஒரு நாள் பிந்தியவனுக்கு ஜூன்.
ஜூன் பணம் ஜூலையில் வரும்,
இரண்டாவது புதன்கிழமை.

அவன் அம்மா லுட்மிலாவிடம் போனில் சொன்னேன்.
தொண்ணூற்றொரு வயது. காது மட்டும் மந்தம்.
"டாக்டரின் கார் சேற்றில் மாட்டிக்கொண்டது,
நான் என்ன செய்ய?" என்றாள்,
அத்தனை வருடத் தாமதத்துக்கு
இன்றுதான் யாரோ விளக்கம் கேட்டதுபோல.

நான்கு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.
அதனால் இந்தப் பிப்ரவரி ராத்திரி,
அதனால் இந்தச் சமையலறை மேஜை,
நெப்ராஸ்காவின் பனி முழுவதும் ஜன்னலில்.
முப்பத்தெட்டு வருடம் கூரை போட்ட விரல்
ஒரு எழுத்தை அழுத்தினால் மூன்று விழுகிறது.
நான் தட்டுகிறேன், அவன் சொல்கிறான்:
பிறந்த ஊர். மணந்த நாள்
(ஒரு வாரம் தவறாகச் சொன்னான், திருத்திக்கொண்டேன்).
வங்கிக் கணக்கு எண்.

வேலை செய்துகொண்டே வாங்கினால்
வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் இரண்டு டாலருக்கு
ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள் என்று வாசித்தேன்.
"அப்போ பாதிக் கூரை மட்டும் போடுகிறேன்" என்றான்.
"மழை பெய்யாத பாதியாகப் பார்த்துப் போடு" என்றேன்.
சிரித்தான்.
எழுந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

அறுபத்தேழுவரை பொறுத்தால் இரண்டாயிரத்து நானூறு.
இப்போதே என்றால் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்,
அதுவும் ஆயுளுக்கும்.
எழுபத்தெட்டைத் தாண்டினால் பொறுத்தவன் கெட்டிக்காரன்,
தாண்டாவிட்டால் அவசரக்காரன்.
எப்போது சாவாய் என்று
எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை.
ஆனால் எல்லாக் கட்டமும் அதையே சுற்றுகிறது.
அவன் அப்பா அறுபத்தாறில் போனார்,
கொட்டகைக் கதவை மூடிக்கொண்டிருந்தபோது.
அம்மாவோ காரைக் குறை சொல்லிக்கொண்டு
இன்னும் இருக்கிறாள்.
இரண்டு பேரில் யாரை வைத்துக் கணக்குப் போடுவது?

மருத்துவக் காப்பீடு அறுபத்தைந்துக்கு முன் வராது.
அதற்காகத்தான் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
அது எங்களுக்குள் பேசி முடித்த விஷயம்.

பேசி முடிக்காதது ஒன்று இருந்தது.
அச்செடுத்த தாள்களில் ஏழாவது:
அவன் முன்கூட்டி வாங்கினால்
அவனுக்குப் பிறகு எனக்கு வருவதும் குறையும்.
போன வாரமே படித்துவிட்டேன்.
அந்தத் தாளை மட்டும் உருவி
சர்க்கரை ஜாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.
முட்டி தேய்ந்த மனிதனுக்கு
அந்த வரி தெரிய வேண்டாம் என்று.

அவன் குளியலறைக்குப் போன நேரம் எடுத்துப் பார்த்தேன்.
அந்த வரிக்குப் பக்கத்தில்
ஒரு கட்டைவிரல் அளவு தார்.

ஞாயிறிலிருந்து ஏன்
"இன்னொரு கோடை பார்க்கலாம்" என்கிறான் என்று
அப்போது விளங்கியது.
தாளை மறுபடி ஜாடிக்கு அடியிலேயே வைத்தேன்,
அவன் வைத்திருந்த அதே கோணலில்.

கடைசிப் பக்கம்.
நான் தட்டலாம், நிரப்பலாம், ஆனால்
கையெழுத்துக்கு ஈடான அந்தப் பொத்தானை
அவன்தான் அழுத்த வேண்டும், இல்லையென்றால் குற்றம்.
"மனம் மாறினால் ஒரு வருடத்துக்குள்
வாங்கினதைத் திருப்பிக் கட்டி ரத்து செய்யலாம்" என்றேன்.
"வாங்கின முட்டியைத் திருப்பித் தருவார்களா?" என்றான்.
"அழுத்து, வெண்டல்."
என்னைப் பார்த்தான். ஜாடியைப் பார்த்தான்.
பிறகு, 'சேமித்துவிட்டுப் பின்னர் தொடர்க'.

திரையில் வந்த எண்ணைக் காலண்டரில் எழுதினேன்,
மே மூன்றாம் தேதியின் கட்டத்துக்குள்,
கேக் என்று எழுதியிருந்ததற்குக் கீழே.

விடியுமுன் பேருந்தைச் சூடாக்கக் கிளம்பினேன்.
அவன் லாரியின் மேல் ஏணி, இரண்டு கயிற்றில்.
ஒன்றை அவிழ்த்துவிட்டேன்.
மற்றது
பனியில் இறுகிக் கிடந்தது.