கணக்கில் வராத காய்

கம்பெனி வேனில் தவமணி கொடுத்தாள்,
பழைய நம்பர் சீட்டில் மடித்த நான்கு விதைகள்.
நாலில் ஒன்றுதான் அடித்தது.

ரெலாவில் எங்கள் அடுக்குமாடிக்குப்
பதினான்காம் மாடி கிடையாது.
பதின்மூன்றுக்கு மேல் பதின்மூன்று ‘ஏ’.
நாலு என்றால் சாவு போல ஒலிக்குமாம் சீனத்தில்.
அந்த இல்லாத மாடிக்கு
லிஃப்டில் மண்மூட்டை ஏற்றி வந்து
காலிச் சாயத் தோம்பில்
புடலை வைத்தேன்.

அதன் சுருள்
முதலில் துணிக்கயிற்றைப் பிடித்தது,
பிறகு கிரில்லை,
பிறகு காயப்போட்ட சீருடையின் பொத்தான் துளையை.
அவிழ்க்க மனமில்லை.
அன்று வேறு சட்டையில் வேலைக்குப் போய்
சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பூ வந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை.
புடலை இருட்டினால்தான் பூக்கும்;
இருட்டுமுன் என் வேன் வந்துவிடும்.
காலையில் திரும்பினால்
கசக்கி எறிந்த டிஷ்யூ மாதிரி ஏதோ,
அதன் அடியில் ஒரு பிஞ்சு
மஞ்சளாகி, உதிரத் தயாராய்.

அந்துப்பூச்சி வரணும்டி, என்றாள் தவமணி.
இத்தனை உயரத்துக்கு எது வரும்?
லிஃப்டே வாரத்தில் ரெண்டு நாள் வருவதில்லை.

ஓய்வு நாளில் விழித்திருந்தேன்.
ஏழரை மணிக்கு
மொட்டு ஒருமுறை தோளைக் குலுக்கியது.
வெள்ளை. விளிம்பெல்லாம் நூல் பிரிந்து,
நெய்தவர் பாதியில் எழுந்து போனது போல.
காது குடையும் பஞ்சுக்குச்சியால்
ஆண் பூவைத் தொட்டு, பெண் பூவைத் தொட்டேன்.
முடியினும் மெல்லிய கம்பியை
இரவெல்லாம் சரிபார்க்கிற கை;
நடுங்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

நாலு நாள் வேலை, ரெண்டு நாள் ஓய்வு.
காயும் அப்படியே பிடித்தது.
என் ஷிஃப்ட் அட்டவணை
கொடியில் தொங்கியது.

நுனியில் கல் கட்டினால் காய் நேராக வளரும்.
இந்த உயரத்தில் கல் தொங்கவிட்டால்
மேனேஜ்மெண்ட் கடிதம்தான் வளரும்.
ஆகவே அதன் இஷ்டம்:
ஒன்று ‘ஞ’ எழுதிப் பழகியது.
ஒன்று கிரில்லுக்கு வெளியே இறங்கி
கீழ்வீட்டு காக் ஃபரீடாவின் துணிகளுக்கிடையே
வரிவரியாய் ஆடியது.

“உலார்! உலார்!”

பொம்பாவுக்கு போன் போகும் முன்
படியில் ஓடினேன்.
பாம்பு இல்லை, காய், என்றேன்.
என்ன காய், என்றார்.
தேடிப் பார்த்தால் மலாயில் அதன் பெயர்
பெத்தோலா உலார்.
கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே
படியில் உட்கார்ந்து சிரித்தார்.
வால் பக்கம் அவருக்கு.

போன வாரம்
இலைக்குப் பின்னால் இன்னொரு காய்.
சாணால் அளந்தேன்,
நாளைப் பின்னோக்கி எண்ணினேன்.
அது பிடித்த இரவு
நான் பாயான் லெப்பாஸில்,
மூன்றாம் வரிசை, இரண்டாவது மைக்ரோஸ்கோப்பில்.

யாரோ வந்திருக்கிறார்கள்.

இன்று ஓய்வு.
பஞ்சுக்குச்சி டப்பாவைத் திறக்கவில்லை.
பால்கனி விளக்கை அணைத்துவிட்டு
நாற்காலியில் கால் மடக்கி இருக்கிறேன்.
கீழே யாரோ மோட்டார்சைக்கிளை உதைக்கிறார்கள்,
கிளம்ப மாட்டேன் என்கிறது.
மூன்று மொட்டு.
ஓரத்திலிருப்பது இப்போதுதான்
தோளைக் குலுக்குகிறது.