முள்ளைத் தேடிய விரல்

ஓல்டன் சந்திக்குக் கிழக்கே
சரக்கு ரயில்கள் நின்று மூச்சு வாங்கும் பக்கத் தண்டவாளம்.
சிக்னல் பெட்டிக்குப் பின்னால், வேலிக் கம்பியில்
ஊதாப் பூ.
பின்னோக்கி மடிந்த ஐந்து இதழ்,
நடுவே மஞ்சள் மூக்கு.

தூதுவளை! என்றேன் வாய்விட்டு.
இருபத்தேழு வருசத்தில் இந்த ஊரில்
யாரையும் நான் இப்படிக்
கூவி அழைத்ததில்லை.

புல்வெட்டியை நிறுத்தினேன்.
மூன்று கிழமையாய் நெஞ்சில் குடியிருக்கும் சளி
தானும் எட்டிப் பார்த்தது.
மிளகு, சீரகம், இரண்டு பல் உள்ளி,
கொட்டைப்பாக்களவு பழப்புளி.
ஒரு சட்டி ரசத்துக்கு
ஒரு பிடி இலை காணும்.

கையுறையைக் கழற்றிவிட்டுக்
கொடியை நீவினேன், கீழிருந்து மேலாக,
குத்தும் என்று தெரிந்தே.
குத்தவில்லை.
இலையைத் திருப்பி நடு நரம்பைத் தடவினேன்.
வழுக்கியது.
முள் எங்கே?
முள் இல்லையென்றால் நீ ஆர்?

அப்போதுதான் கண்டேன் பழங்களை.
எங்களது உருண்டை. இது நீளம்,
நகப்பூச்சுப் போல ஒரு சிவப்பு.
ரெட்டோ கத்திக்கொண்டு ஓடிவந்தான்:
தமக்கையின் பிள்ளை நாலைந்தைத் தின்றுவிட்டு
விடியவிடிய வாந்தி எடுத்ததாம்.
பெயரும் சொன்னான்,
கசந்தினிக்கும் இரவுநிழல்.

நஞ்சுக்கு இத்தனை ஆறுதலாய்ப் பெயர் வைத்தவர்கள்
சம்பளச் சீட்டில் இடம் போதாதென்று
நாகேஸ்வரமூர்த்தியை
நாகேஸ் ஆக்கியிருக்கிறார்கள்.

மாலை மருந்துக்கடையில் இருமல் பாணி கேட்டேன்.
எக்கென்ஷ்வைலர் அம்மா என் இருமலைக் கேட்கவில்லை,
விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கையுறை ரப்பர் தின்ற தோல்,
வெடித்து, சொறிந்து, மறுபடி வெடித்து.
பாணியோடு ஒரு களிம்பும் வைத்தார்.
குழாயின் மேல்
ஊதாப் பூ, மஞ்சள் மூக்கு.
தண்டுச் சாறு, என்றார்,
பூசத்தான், வாயில் வைக்கக் கூடாது.

இரவு பூசிக்கொண்டு படுத்தேன்.
இருமல் இருமலாகவே இருந்தது.
பத்தாம் நாள்
சட்டைப் பொத்தானை வலியில்லாமல் பூட்டினேன்.

வெட்டச் சொல்லி வந்த தாளில்
சிக்னல் பெட்டியின் இலக்கமும் இருந்தது.
வெட்டினேன். சம்பளம் அதற்குத்தானே.
நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு.
ரெட்டோ குனிந்து பார்த்தான்,
அந்தச் சாணையும் பார்த்தான்,
பேனையை எடுத்து
முடிந்தது என்று எழுதினான்.