எலும்புக்குள் நாலு வரி

ஜூன் இருபது.
வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும்
வானொலி கரகரத்து ஓய்ந்தது.
இனி வடக்கு முனைவரைக்கும்
கிரேடரின் இரைச்சல்தான் எனக்குப் பேச்சுத்துணை.

குளிர்காலம் விட்டுப்போன சாலை
துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாய்.
அலகை இறக்குகிறேன். கல் அலறுகிறது.
இடப்பக்கம் ஒரு பனியாறு,
வலப்பக்கம் ஒன்று.
இடப்பக்கத்தவள் ஆண்டுக்காண்டு இளைக்கிறாள்.
இந்த வேலைக்கு நான் வந்த புதிதில்
அந்தக் கறுப்பு முகடு
இருந்ததே யாருக்கும் தெரியாது.

சாலையை ஒட்டி, பாசிக்குள்,
ஏழெட்டு ஒற்றையடித் தடங்கள்:
பழைய குதிரைகளின் குளம்பு தோண்டியவை.
வழக்காடப் போனவர்கள், கடனுக்கு ஓடியவர்கள்,
ஆடுகளோடு புயலில் மாட்டி
வீடு சேராதவர்கள்.
அவற்றின்மேல் மட்டும் அலகு படாமல்
ஒதுங்கிப் போவேன்.
சட்டமும் அதுதான். ஆனால்
சட்டத்துக்காக அல்ல.

அறுபதாவது கிலோமீட்டரில்
எலும்புக் கிழவி.
கிழவி என்றால் கிழவி இல்லை, கற்குவியல்.
ஆளுயரம். இடுப்பில் ஒரு பொந்து.
பொந்தில் குதிரையின் கால் எலும்பு.
முன்னால் போகிறவர் அதற்குள்
நாலு வரி சுருட்டிச் செருகுவார்
பின்னால் வருகிறவர் பெயருக்கு,
கிழவியே கூப்பிடுவதுபோல.
சபையில் படிக்க முடியாது.

பதினோரு கோடையாய் எனக்கு வருகிறது.
எழுதுகிறவர் வெந்நீர் ஊற்றுக் குடிலின் காவலர்.
பெயர் கெட்டில்; கொப்பரை என்று பொருள்.
மே மாதம் பனிவண்டியில் வந்து
வைத்துவிட்டுப் போவார்.
போன ஆண்டு இப்படி:

*மண்ணைச் சீவும் மகராசியே,
மலைக்கே தலைவாரி விடுகிறாய்;
மண்டை வழுக்கை எனக்கென்றா
மறந்தும் இப்பக்கம் நிற்பதில்லை?*

நான் எழுதி வைத்தது:
*வெந்நீர்க் காவலா, வீண்பேச்சு வேண்டாம்;
வழுக்கும் இடத்தில்
வண்டியை நிறுத்தும் வழக்கமில்லை.*
மூன்று வரிதான் வந்தது.
நாலாவதைக் கடனாக வைத்துக்கொள் என்று
கீழே குறித்திருந்தேன்.

இன்று கையுறையைக் கழற்றி விரலை விட்டேன்.
எலும்பு காலி.
கவிழ்த்துத் தட்டினேன்.
கொஞ்சம் மணல், ஒரு செத்த ஈ.
எங்கோ ஓர் உப்புக்கொத்தி
ஒரே சுரத்தில் கத்திக்கொண்டிருந்தது.

எலும்பைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.
அலகைத் தூக்கினேன்.
முப்பது கிலோமீட்டர்
சாலை எப்படிக் கிடந்ததோ
அப்படியே கிடக்கட்டும் என்று
பல் கிடுகிடுக்க ஓட்டினேன்.

முதலில் கந்தக வாடை.
பிறகு ஆவி. பிறகு
வெள்ளோடு பூத்த தரையில்
கொதித்துக் கொதித்துத் தன்னையே
மூடிக்கொள்ளும் நீலக் கண்கள்.
குடிலின் படியில் அவர்,
வலக்கை முழங்கைவரை கட்டோடு.

"மார்ச்சில் குழாய் வெடித்தது" என்றார்.
"இடக்கையால் எழுதலாமே?"
"எழுதினேன். மோனை விழவில்லை."

மண்ணுக்குள் வெந்த கம்பு ரொட்டியை
ஒரு கையால் அறுக்கத் திணறினார்.
கத்தியை வாங்கிக்கொண்டேன்.
சாயங்காலம் ஊற்றுக் குளத்தில்
கட்டுப்போட்ட கையை மட்டும்
வெளியே உயர்த்திப் பிடித்தபடி,
வகுப்பில் விடை தெரிந்த பையன்போல உட்கார்ந்து,
எனக்கான ஏச்சை
என்னையே எழுதச் சொன்னார்.

இரண்டாம் வரி இடித்தது. சொன்னேன்.
"கிழவியின் வாக்கைத் திருத்தாதே."
"கிழவிக்கு இலக்கணம் தெரியும்,
உனக்குத்தான் தெரியாது."
வாதம் முடியவில்லை.
தாள் நனைந்து பென்சில் ஓட்டை போட்டது.
சூரியன் மறைகிற மாதிரி போக்குக் காட்டி
மறையாமலே நின்றது.

"ஸ்டெயின்வோர், காபி ஆறுகிறது" என்றார்.
ஆறட்டும் என்றேன்.

நாளை திரும்பிப் போய்
அந்த முப்பதையும் சீவ வேண்டும்.
அலுவலகத்தில் கேட்டால்
கல் அதிகம் என்பேன்.
அது ஒன்றும் பொய்யில்லை.